ஆளுக்கொரு வெற்றி: 1952 ஒஸ்லோ பேண்டி போட்டி, ஒரு நிகழ்வு ஆய்வு

சுவீடன் பின்லாந்தை 4–0 என்ற கணக்கில் வென்றது. பின்லாந்து நார்வேயை 3–2 என்று வென்றது. நார்வே சுவீடனை 2–1 என்று வென்றது. 1952 பிப்ரவரி 20 முதல் 22 வரை ஒஸ்லோ குளிர்கால ஒலிம்பிக்கில் நடந்த பேண்டி (உறைபனித் திடலில் பந்தும் மட்டையும் கொண்டு ஆடும் ஆட்டம்) போட்டியின் முழு வரலாறும் இந்த மூன்று வரிகளுக்குள் அடங்கிவிடுகிறது. ஆளுக்கொரு வெற்றி, ஆளுக்கொரு தோல்வி. முதலிடம் சுவீடனுக்கு, இரண்டாமிடம் நார்வேக்கு, மூன்றாமிடம் பின்லாந்துக்கு.

அதற்குப் பிறகு 2022 பெய்ஜிங் வரை 18 குளிர்கால ஒலிம்பிக்குகள் நடந்து முடிந்துவிட்டன. ஒன்றில்கூட பேண்டிக்கு இடம் கிடைக்கவில்லை. ஒரு விளையாட்டு உலக அரங்கின் வாசல்வரை வந்து, ஒரே ஒருமுறை உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறது. ஏன் திரும்ப வேண்டி வந்தது என்பதுதான் இந்த ஆய்வின் கேள்வி. ஆட்டத்தில்தான் ஏதோ குறை என்று சொல்லிவிடுவது எளிது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பதில், ஒஸ்லோவுக்கு வந்த மூன்று அணிகளிடம் பாதியும் வராத ஓர் அணியிடம் மீதியும் இருக்கிறது.

களமும் மட்டையும்

பேண்டி என்றதும் தெருவில் கட்டம் கீறி ஒற்றைக் காலில் தாவும் நம் பாண்டியாட்டம் சிலருக்கு நினைவு வரலாம். இரண்டுக்கும் ஒலி ஒற்றுமையைத் தவிர வேறு உறவு இல்லை. ஒரு கால்பந்துத் திடல் முழுவதும் உறைந்து கண்ணாடித் தகடாகக் கிடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் மேல் பக்கத்துக்கு 11 பேர், காலில் ஸ்கேட், கையில் வளைந்த மட்டை. நடுவே ஏறக்குறைய ஆறு சென்டிமீட்டர் குறுக்களவுள்ள சிறு பந்து. வெண்பனியில் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக அதற்கு ஆரஞ்சு அல்லது அடர்ந்த இளஞ்சிவப்பு நிறம். பாதிக்கு 45 நிமிடம் என்று இரண்டு பாதி. பக்கவாட்டுக் கோடுகளில் கணுக்கால் உயரத்துக்குச் சிறு தடுப்புப் பலகை. கோல்காப்பாளர் கையில் மட்டை கிடையாது. வெறுங்கையுறையோடு நிற்கிறார். பந்தைப் பிடித்த மறுகணம் அதைத் திடலின் பாதித் தூரத்துக்கு வீசி எறிவார், தாக்குதல் அங்கிருந்தே தொடங்கிவிடும்.

ஐஸ் ஹாக்கி பார்த்துப் பழகியவர்கள் பேண்டியை முதன்முறை பார்க்கும்போது இடத்தின் விரிவைக் கண்டுதான் திகைப்பார்கள். ஹாக்கியில் வீரர்கள் ஒருவர்மீது ஒருவர் முட்டி மோதி, பலகைச் சுவரில் நெருக்கி, அங்கே பந்துக்குப் பதிலாக உள்ள ரப்பர் வட்டைப் பறிப்பார்கள். பேண்டியில் மோதிக்கொள்ள அவ்வளவு நெருக்கமே இல்லை. ஒரு வீரர் பந்தோடு வளைந்து திரும்பி வேகமெடுத்தால் அவருக்கு முன்னால் ஐம்பது மீட்டர் வெற்றுப் பனி கிடக்கும். எங்கே ஓடுவது, எப்போது கொடுப்பது, யார் எந்த வெற்றிடத்துக்கு வருவார் என்ற கணக்குதான் இந்த ஆட்டத்தின் உயிர். இந்தக் கணக்கு பின்னால் வேறொரு ஆட்டத்துக்குப் போய்ச் சேர்ந்ததை இந்த ஆய்வில் பார்ப்போம்.

பேண்டியில் மூலை அடியைப் பார்க்காதவர் ஆட்டத்தையே பார்க்கவில்லை என்பேன். கால்பந்தில் மூலை உதை என்றால் கோல் முகப்பில் ஒரு கூட்டம் தள்ளுமுள்ளு செய்துகொண்டு நிற்கும். இங்கே நேர்மாறு. காக்கும் அணி முழுவதும் தன் கோல் கோட்டுக்குப் பின்னால் போய் வரிசையாக நிற்க வேண்டும். தாக்கும் அணி 17 மீட்டர் அரைவட்டமான தண்டப் பகுதிக்கு வெளியே நிற்கும். இடையில் ஒருவரும் இல்லாத வெறும் பனி. நடுவர் ஊதல் ஒலிக்கிறது. மூலையிலிருந்து பந்து பனியை ஒட்டிச் சீறிக்கொண்டு வருகிறது. அதே கணத்தில் காப்பவர்கள் கோட்டைத் தாண்டிப் பாய்கிறார்கள், தங்கள் உடலையே கேடயமாக்கிக்கொண்டு. அந்தப் பக்கம் ஒருவர் மட்டையை ஓங்கிக் காத்திருக்கிறார். பந்து அவரை அடைவதற்கும் காப்பவர் அடைவதற்கும் இடையில் ஒரு மூச்சு நேரம். அந்த ஒரு மூச்சில் அடித்துவிட்டால் பந்து எங்கே போனது என்று வலை அசைந்த பிறகுதான் தெரியும். முன்னால் ஓடி வரும் அந்த முதல் காவலரின் துணிவை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு நெஞ்சு படபடக்கிறது.

இந்த ஆட்டம் பிறந்த இடம் கிழக்கு இங்கிலாந்தின் சதுப்புநிலம். கேம்பிரிட்ஜுக்கு வடக்கே பரி ஃபென் என்ற பகுதியில், குளிர்காலத்தில் வெள்ளநீர் உறைந்து வயல்வெளியே பனித்தளமாகிவிடும். அந்த ஊர்க்காரர்கள் அதில் ஆடினார்கள். சார்லஸ் குட்மேன் டெபட் என்பவர் 1882இல் விதிகளை எழுத்தில் வடித்தார். 1891இல் இங்கிலாந்தில் தேசியச் சங்கம் உருவாயிற்று. அங்கிருந்து நெதர்லாந்து, சுவீடன், நார்வே என்று ஆட்டம் பரவியது. ரஷ்யாவிலோ பனியில் பந்தடிக்கும் பழைய வழக்கம் வேறாக இருந்தது. அதுவும் இதுவும் கலந்து, ‘ரஷ்ய ஹாக்கி’ என்ற பெயரிலேயே அங்கே வேரூன்றிவிட்டது. முதல் உலகப் போருக்குப் பிறகு இங்கிலாந்திலும் மத்திய ஐரோப்பாவிலும் பேண்டி மங்கிப் போயிற்று. கனடாவிலிருந்து வந்த ஐஸ் ஹாக்கி அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. வடக்கே மட்டும் பேண்டி நிலைத்தது. நார்வேயில் 1920இலும் சுவீடனில் 1925இலும் தேசியச் சங்கங்கள் அமைந்தன. பின்லாந்தில் கால்பந்துச் சங்கமே பேண்டியையும் கவனித்துக்கொண்டது. கோடையில் கால்பந்து, குளிரில் பேண்டி என்று ஒரே கால்கள் இரண்டையும் ஆடிய காலம் அது. 1958 உலகக் கோப்பைக் கால்பந்து இறுதியில் சுவீடனுக்காக ஆடிய ஓர்வர் பெர்க்மார்க் பேண்டியிலும் தேசிய அணி வீரர்தான்.

மூன்று ஆட்டங்களின் கணக்கு

ஒஸ்லோ ஒலிம்பிக்குக்கு 30 நாடுகள் வந்திருந்தன. பிஸ்லெட் திடலில் நார்வேயின் யால்மர் ஆன்டர்சன் வேகச் சறுக்கில் மூன்று தங்கம் வென்று ஊரையே பித்துப்பிடிக்க வைத்திருந்தார். ஐஸ் ஹாக்கியில் ஒன்பது அணிகள். பேண்டிக்கு வந்தவை மூன்று, அத்தனையும் அக்கம்பக்கத்து வீடுகள். பேண்டி காட்சி விளையாட்டாக மட்டுமே சேர்க்கப்பட்டிருந்தது. அதாவது ஆடிக் காட்டலாம், அதிகாரப்பூர்வப் பதக்கக் கணக்கில் சேராது.

மூன்று ஆட்டங்களும் சேர்ந்து எப்படி ஒரு முடிவைத் தந்தன என்பதை நிதானமாகப் பார்க்க வேண்டும். ஒவ்வோர் அணிக்கும் இரண்டு புள்ளிகள். நேருக்கு நேர் மோதலை வைத்து யார் மேல் என்று சொல்லவும் வழியில்லை. சுவீடன் பின்லாந்தை வெல்ல, பின்லாந்து நார்வேயை வெல்ல, நார்வே சுவீடனை வென்றது. பிள்ளைகள் கை நீட்டி ஆடும் கல், காகிதம், கத்தரி போலச் சுற்றிச் சுற்றி வருகிறது. ஆகவே கோல் கணக்குக்குப் போனார்கள். கிரிக்கெட் பார்ப்பவர்களுக்கு நிகர ரன் விகிதம் எப்படியோ அப்படி.

சுவீடன் அடித்தது 5, வாங்கியது 2.
நார்வே அடித்தது 4, வாங்கியது 4.
பின்லாந்து அடித்தது 3, வாங்கியது 6.

வித்தியாசமாகக் கழித்துப் பார்த்தாலும் விகிதமாக வகுத்துப் பார்த்தாலும் வரிசை ஒன்றேதான். இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. மூன்று ஆட்டங்களில் இரண்டு ஒரே ஒரு கோல் இடைவெளியில் முடிந்தவை. சுவீடன்–பின்லாந்து ஆட்டம் மட்டும் நான்கு கோல் இடைவெளி. அந்த ஆட்டமும் 1–0 என்று முடிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? சுவீடனுக்கு 2–2, நார்வேக்கு 4–4, பின்லாந்துக்கு 3–3. மூன்று அணிகளின் வித்தியாசமும் பூஜ்யம். போட்டியே முடிவில்லாமல் நின்றிருக்கும்.

அப்படியானால் ஒஸ்லோவில் முதலிடத்தைத் தீர்மானித்தது சுவீடன் பின்லாந்துக்கு எதிராக அடித்த இரண்டாவது கோல். அது விழுந்த கணத்தில் வரிசை முடிவாகிவிட்டது. மூன்றாவதும் நான்காவதும் அந்த வரிசையை மாற்றவில்லை, உறுதிப்படுத்தின, அவ்வளவே. இதற்கு நேர் எதிரான பார்வையும் நியாயமானது: நார்வே தான் ஆடிய இரண்டு ஆட்டத்திலும் எதிரிக்குச் சமமாக நின்றது. ஒரு கோலில் வென்றது, ஒரு கோலில் தோற்றது. முதலிடம் பிடித்த அணியை வென்ற அணியும் அதுதான். ஆனால் சுற்றி வரும் கணக்கில் அதற்கு நடு இடம்தான் எழுதியிருந்தது. பின்லாந்தோ நார்வேயை வீழ்த்திய பிறகும் கடைசியில் நின்றது.

மூன்று அணிகள் மட்டும் மோதும் சுழல்முறைப் போட்டியின் அடிப்படைக் குறை இது. இரண்டு ஆட்டங்கள் நெருக்கமாகவும் ஒன்று ஒருதலையாகவும் அமைந்துவிட்டால், அந்த ஒருதலை ஆட்டம் மற்ற இரண்டையும் விழுங்கிவிடும். நான்காவதாக ஓர் அணி இருந்திருந்தால் அந்தச் சுழல் உடைய வாய்ப்பு அதிகம்.

அதே ஒஸ்லோவில், அதே ஒலிம்பிக்கில், ஐஸ் ஹாக்கியிலும் இதே மாதிரி ஒரு சமநிலை வந்தது. மூன்றாமிடத்துக்குச் சுவீடனும் செக்கோஸ்லோவாக்கியாவும் புள்ளிகளில் சமமாக நின்றன. அங்கே கோல் கணக்கோடு விட்டுவிடாமல் இரு அணிகளையும் மறுபடி மோதவிட்டார்கள். சுவீடன் 5–3 என்று வென்று வெண்கலம் பெற்றது. பேண்டிக்கு அப்படியொரு தீர்ப்பு ஆட்டம் நடக்கவில்லை. அதிகாரப்பூர்வப் பதக்கம் இருக்கும் ஆட்டத்துக்கு ஒரு நாள் கூடுதலாகக் கிடைக்கிறது. காட்டிவிட்டுப் போகும் ஆட்டத்துக்குத் தாளில் கணக்கு போதும் என்றாகிவிடுகிறது. அந்தக் காலத்து அமைப்பாளர்களைக் குறைசொல்லவில்லை. மூன்று அணிகள் இப்படிச் சுற்றிக்கொண்டு நின்றால் யாரை யாரோடு மோதவிடுவது என்பதே சிக்கல்தான். ஆனாலும் இரண்டு ஆட்டங்களுக்கும் கிடைத்த மதிப்பின் இடைவெளி இந்த ஒரு இடத்தில் தெளிவாகத் தெரிகிறது.

வராத நான்காவது அணி

அந்தக் காலத்தில் பேண்டியைக் கோடிக்கணக்கான மக்கள் அறிந்த நாடு ஒன்று உண்டு. சோவியத் ஒன்றியம். மாஸ்கோ முதல் சைபீரியா வரை ஊருக்கு ஊர் அணிகள் இருந்தன. ஆனால் சோவியத் ஒன்றியம் ஒஸ்லோ குளிர்கால ஒலிம்பிக்குக்கு வரவில்லை. அதே ஆண்டு கோடையில் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில்தான் முதன்முதலில் காலடி வைத்தது. குளிர்கால ஒலிம்பிக்குக்கு அது வந்தது 1956இல், இத்தாலியின் கோர்ட்டினாவுக்கு.

அப்போது அது கையில் கொண்டுவந்தது பேண்டி மட்டையை அல்ல, ஐஸ் ஹாக்கி மட்டையை. என் பார்வையில் இந்த நிகழ்வின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது.

1946 டிசம்பரில்தான் சோவியத்தில் ஐஸ் ஹாக்கியின் முதல் தேசியப் போட்டித்தொடர் தொடங்கியது. ஒலிம்பிக்கில் இருப்பது ஹாக்கி, ஆகவே அதைக் கற்றாக வேண்டும் என்ற முடிவு மேலிருந்து வந்தது. கற்பதற்கு ஆட்கள் வேண்டுமே? பனியில் ஓடவும் திரும்பவும் பந்து கொடுக்கவும் பிள்ளைப் பருவம் முதல் தெரிந்தவர்கள் பேண்டி வீரர்கள்தான். அவர்களை எடுத்து வட்டு ஹாக்கிக்கு மாற்றினார்கள். அவர்களில் தலையாயவர் விசெவலோத் போப்ரோவ். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக் கால்பந்தில் யூகோஸ்லாவியாவுக்கு எதிராக 1–5 என்று பின்தங்கிய சோவியத் அணி 5–5 என்று மீண்டு வந்த ஆட்டத்தில் மூன்று கோல் அடித்தவர் அவர்தான். அதே மனிதர் பேண்டி வீரர், அதே மனிதர் ஐஸ் ஹாக்கி அணித்தலைவர். 1954இல் ஸ்டாக்ஹோமில் நடந்த ஹாக்கி உலகப் போட்டியில் சோவியத் அணி முதல்முறை கலந்துகொண்டு, கனடாவை 7–2 என்று வீழ்த்திப் பட்டத்தைத் தூக்கியது. 1956இல் கோர்ட்டினாவில் தங்கம்.

அந்த அணியின் ஆட்டத்தைப் பார்த்தவர்கள் வியந்தது அதன் கொடுத்து வாங்கும் முறையைக் கண்டு. முட்டி மோதாமல், வெற்றிடத்துக்கு ஓடி, வட்டைக் கையில் வைத்திராமல் சுற்றிக்கொண்டே இருந்தார்கள். கால்பந்துத் திடல் அளவுப் பனியில் ஓடப் பழகியவர்களைச் சிறு தளத்தில் இறக்கிவிட்டால் அவர்கள் கண்ணுக்கு வெற்றிடங்கள் எங்கும் தெரியும். பேண்டி தந்த பயிற்சி அது.

இது முதல் தடவையும் அல்ல. 1920இல் பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப்பில் ஒலிம்பிக் வரலாற்றிலேயே முதன்முதலாக ஐஸ் ஹாக்கி ஆடப்பட்டபோது சுவீடன் அனுப்பிய அணியில் பெரும்பாலோர் பேண்டி வீரர்கள். நான்காம் இடம் வந்தார்கள். 1920இல் சுவீடன், 1946க்குப் பிறகு சோவியத். இரண்டு முறையும் பேண்டி தான் பெற்று வளர்த்த பிள்ளைகளை ஹாக்கிக்குத் தத்துக் கொடுத்திருக்கிறது. இரண்டு முறையும் ஹாக்கிதான் ஒலிம்பிக் மேடையில் நின்றது.

ஒஸ்லோவில் சோவியத் அணி நான்காவதாக இறங்கியிருந்தால் என்ன நடந்திருக்கும்? திடமாக யாரும் சொல்ல முடியாது. ஆனால் மூன்று அண்டை நாடுகளின் வட்டாரப் போட்டி என்ற தோற்றமாவது மாறியிருக்கும். அடுத்து கோர்ட்டினாவிலும் அதற்கடுத்த இடங்களிலும் பேண்டிக்காகக் குரல் கொடுக்க ஒரு பெரிய நாடு மேசையில் இருந்திருக்கும். அந்தப் பெரிய நாடு மேசைக்கு வந்தபோது ஹாக்கியில் தங்கம் வென்றிருந்தது. வென்ற ஆட்டத்தை விட்டுவிட்டு வேறோர் ஆட்டத்துக்காக வாதாட அதற்கு என்ன அவசரம்?

பனிக்கட்டியின் விலை

காலம் தவறியது ஒரு காரணம். இன்னொன்று மண்ணோடு, அல்லது பனியோடு, ஒட்டியது. ஒரு சர்வதேச ஐஸ் ஹாக்கித் தளம் 60 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம்: 1,800 சதுர மீட்டர். பேண்டித் திடல் 90 முதல் 110 மீட்டர் நீளம், 45 முதல் 65 மீட்டர் அகலம். பெரும அளவில் 7,150 சதுர மீட்டர். ஏறக்குறைய நான்கு ஹாக்கித் தளங்களை ஒன்றாக உறையவைக்க வேண்டும். ஒஸ்லோவில் ஹாக்கிக்காகவே 1951இல் யோர்டால் அரங்கைச் செயற்கைப் பனியோடு கட்டிவிட்டார்கள். பேண்டிக்கு அப்படியொரு அரங்கம் என்றால் நான்கு மடங்கு குழாய், நான்கு மடங்கு மின்சாரம். ஆகவே இயற்கை உறையவைக்கும் இடத்தில்தான் பேண்டி வாழ முடிந்தது. வானம் கருணை காட்டாத ஊரில் வேரூன்ற முடியவில்லை.

பின்னாளில் கூரையிட்ட அரங்கங்கள் வந்தன. சுவீடனின் முதல் பேண்டி உள்ளரங்கம் 2003இல் எட்ஸ்பின் என்ற, சில ஆயிரம் பேரே வாழும் ஊரில் எழுந்தது. ரஷ்யாவில் ஹபரோவ்ஸ்க் நகரின் பெரிய உள்ளரங்கம் 2013இல் வந்தது. கூரை வந்ததில் சிலருக்கு வருத்தமும் உண்டு. சுவீடனில் டிசம்பர் 26ஆம் நாள் பேண்டி பார்க்கப் போவது குடும்ப வழக்கம். பழைய ரசிகர்கள் கையில் ஒரு தோல் பெட்டி இருக்கும், அலுவலகம் போகிறவர் தூக்கிச் செல்வது போன்றது. அதற்குப் ‘பேண்டிப் பெட்டி’ என்றே பெயர். உள்ளே சூடான காப்பி நிரம்பிய பிளாஸ்க், குளிரை விரட்ட ஒரு சிறு மதுக்குப்பி, ரொட்டித் துண்டுகள். திறந்தவெளியில், மூச்சு புகையாகக் கிளம்ப, பிளாஸ்க் மூடியில் காப்பி ஊற்றிப் பக்கத்தில் நிற்பவரோடு பகிர்ந்துகொண்டு இரண்டு மணி நேரம் நிற்பார்கள். அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கூரையிட்ட, கதகதப்பான அரங்கில் நுழைவது கல்யாண வீட்டில் கட்டுச்சோறு அவிழ்ப்பது போலத்தான் இருக்கும். ஆனால் கூரை இல்லாவிட்டால் இந்த ஆட்டம் வெதுவெதுப்பாகிவரும் குளிர்காலங்களைத் தாங்காது. இரண்டில் எதைச் சொன்னாலும் எனக்கு மனம் ஒப்பவில்லை.

ஒஸ்லோவுக்குப் பின்

ஒஸ்லோ ஒன்றும் வீணாகிவிடவில்லை. 1955இல் ஸ்டாக்ஹோமில் சுவீடன், நார்வே, பின்லாந்து, சோவியத் ஒன்றியம் நான்கும் கூடிப் பன்னாட்டுச் சம்மேளனம் அமைத்தன. ஒவ்வொரு நாட்டிலும் சிறிது சிறிது மாறிக் கிடந்த விதிகள் ஒரே புத்தகத்துக்குள் வந்தன. மூன்றாண்டு முன்னால் இந்த நால்வரும் ஒஸ்லோவில் கூடியிருந்தால் என்ற எண்ணத்தை இங்கே தவிர்க்க முடியவில்லை.

முதல் உலகப் போட்டி 1957இல் ஹெல்சிங்கியில், பின்லாந்து கால்பந்துச் சங்கத்தின் ஐம்பதாம் ஆண்டையொட்டி நடந்தது. வந்தவை மறுபடியும் மூன்று அணிகள்தான். இந்த முறை சோவியத் இருந்தது, நார்வே இல்லை. சோவியத் முதலிடம், பின்லாந்து இரண்டு, சுவீடன் மூன்று. அன்று தொடங்கிய சோவியத் ஆதிக்கம் 1979 வரை, தொடர்ந்து 11 பட்டங்கள், உடையவே இல்லை. 1981இல் சுவீடன் அதை உடைத்தது, அதுவும் சோவியத்தின் சொந்த மண்ணான ஹபரோவ்ஸ்கில். 1985இல் அமெரிக்கா ஐந்தாவது நாடாகச் சேர்ந்தது. 1991இல் கனடாவும் ஹங்கேரியும் நெதர்லாந்தும் வந்தன. 2004இல் பின்லாந்து தன் ஒரே பட்டத்தை வென்றது. அதே ஆண்டில் பெண்களுக்கான உலகப் போட்டியும் தொடங்கியது.

சம்மேளனம் தன் பெயரின் சொல் வரிசையையே மாற்றிக்கொண்டது ஒலிம்பிக்குக்காகத்தான். பழைய பெயரின் முதலெழுத்துகளை இறகுப்பந்துச் (பேட்மிண்டன்) சம்மேளனம் முன்பே பயன்படுத்திவந்தது. ஒலிம்பிக் குழுவின் அங்கீகாரமும் 2000களின் தொடக்கத்தில் கிடைத்துவிட்டது. ஆனால் அங்கீகாரம் வேறு, அழைப்பு வேறு. 2014இல் ரஷ்யாவே சோச்சியில் ஒலிம்பிக்கை நடத்தியது. பேண்டியைத் தன் தேசிய ஆட்டங்களில் ஒன்றாகக் கொண்டாடும் நாடு, தன் வீட்டுக் கல்யாணம். அப்போதும் பந்தியில் இடம் இல்லை. சோச்சி தொடங்குவதற்குச் சில நாட்கள் முன்புதான் இர்குட்ஸ்கில் உலகப் போட்டி நடந்து முடிந்திருந்தது.

அந்த இர்குட்ஸ்க் போட்டியில் ஒரு புதிய கொடி பறந்தது. சோமாலியா. போரிலிருந்து தப்பி சுவீடனின் பூர்லெங்கே நகரில் குடியேறிய சோமாலிய இளைஞர்கள் 2013இல்தான் ஓர் அணியாகச் சேர்ந்தார்கள். பலர் அதற்குமுன் பனியில் கால் வைத்ததே இல்லை. சுவீடனின் பழைய நட்சத்திரம் பெர் ஃபொஸ்ஹவ்க் பயிற்சியளித்தார். ஓராண்டுகூட ஆகாத நிலையில் சைபீரியக் குளிரில் உலகப் போட்டியின் இரண்டாம் பிரிவில் இறங்கினார்கள். பெரிய பெரிய வித்தியாசங்களில் தோற்றார்கள். பேண்டி உலகப் போட்டியில் ஆடிய முதல் ஆப்பிரிக்க நாடு என்ற பெயர் அவர்களுக்கு. நிற்கவே தெரியாமல் தொடங்கியவர்கள் இறுதிவரை நின்று ஆடி முடித்தது எனக்கு எந்த இறுதியாட்டத்துக்கும் குறைந்ததாகத் தெரியவில்லை.

நாடுகளின் எண்ணிக்கை இப்படிக் கூடினாலும் போட்டியிடும் பலம் கூடவில்லை. 2011இல் அல்மாத்தியில் நடந்த ஆசியக் குளிர்கால விளையாட்டில் பேண்டி சேர்க்கப்பட்டது. மூன்று அணிகள்: கஜகஸ்தான், மங்கோலியா, கிர்கிஸ்தான். அந்த வரிசையில்தான் பதக்கங்களும் போயின. ஒஸ்லோவில் மூன்று, ஹெல்சிங்கியில் மூன்று, அரை நூற்றாண்டு கழித்து அல்மாத்தியிலும் மூன்று. ஆண்கள் உலகப் பட்டம் இதுவரை போன வீடுகளும், சோவியத்தையும் ரஷ்யாவையும் ஒன்றாக எண்ணினால், மூன்றுதான். ஒலிம்பிக் குழு பரவலைக் கேட்கிறது. பரவுவதற்கு ஒலிம்பிக் வெளிச்சம் வேண்டும் என்று பேண்டிக்காரர்கள் சொல்கிறார்கள். இருவர் சொல்வதும் சரி என்பதால்தான் இந்தப் பூட்டு திறக்காமல் கிடக்கிறது.

2019இல் கிராஸ்நயார்ஸ்க் நகரில் நடந்த பல்கலைக்கழகக் குளிர்கால விளையாட்டில் பேண்டிக்கு இடம் கிடைத்தபோது ஒரு நம்பிக்கை பிறந்தது. பிறகு வந்தது கொரோனா. 2020இல் இர்குட்ஸ்கில் நடக்கவிருந்த ஆண்கள் உலகப் போட்டி தள்ளிப்போய்க் கைவிடப்பட்டது. ரஷ்யாவின் சிக்திவ்கர் நகரில் திட்டமிட்ட அடுத்த போட்டி உக்ரைன் மீதான படையெடுப்பால் நின்றது. ரஷ்யா 2022 முதல் சர்வதேசக் களத்துக்கு வெளியே நிற்கிறது. 2023இல் உலகப் போட்டி சுவீடனின் வெக்ஷோவில் மறுபடி தொடங்கியபோது இறுதியில் சுவீடனும் பின்லாந்தும் மோதின. சுவீடன் வென்றது. பெரிய நாடு இல்லாமல் வடக்கத்திய அண்டை வீட்டார் தங்களுக்குள் ஆடிக்கொண்டிருந்த அந்தக் காட்சி அதற்கு 71 ஆண்டு முன்பு ஒஸ்லோவில் கண்ட காட்சிதான்.

நார்வே அன்றும் இன்றும் அந்த வரிசையில் நிற்கிறது. ஆண்கள் உலகப் பட்டம் ஒன்றைக்கூட அது வென்றதில்லை. 1965இல் பெற்ற இரண்டாமிடமே அதன் உச்சம். 1952இல், சொந்த ஊரில், சொந்த மக்கள் முன்னிலையில், முதலிடம் பிடித்த சுவீடனை 2–1 என்று அது வென்ற ஆட்டம் ஒலிம்பிக் பதக்கப் பட்டியலின் எந்தக் கட்டத்திலும் இல்லை.